கால் மாத்திரை

மாத்திரையின் நடுவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதில் வைத்து உடைத்தால் அரை. அரையைக் காலாக்கக் கோடு கிடையாது. பழைய தினசரியை விரித்து, புது பிளேடை வைத்து அழுத்த வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் ஒரு துண்டு தெறித்து பீரோவுக்கு அடியில் போய்விடும், மற்றது மாவாகிவிடும். அந்த மாவை விரல் நுனியில் ஒற்றி நாக்கில் வைத்தால் கசக்கும். எவ்வளவு பார்த்து வெட்டினாலும் இரண்டு கால்களும் ஒரே அளவாக அமையாது. பெரிய துண்டுகளை என் மனைவி ஒரு சின்ன டப்பாவில் தனியாக எடுத்து வைத்தாள். மனசு சரியில்லாத நாளுக்கு ஆகும் என்றாள்.

புதுக்கோட்டையில் நான் பார்க்கும் மனநல மருத்துவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நல்ல நாளுக்கு ஒண்ணு, கெட்ட நாளுக்கு ஒண்ணுன்னு அளவு கிடையாதுங்க. தினமும் ஒரே நேரம், ஒரே அளவு. நாளைப் பார்த்து மாத்திரை போட ஆரம்பிச்சா, அப்புறம் மாத்திரையைப் பார்த்துத்தான் நாள் போகும்" என்றார். டப்பா அன்றைக்கே காலியானது.

*

இந்த மாத்திரை எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு தேதி இருக்கிறது. 2018 நவம்பர் 16, விடியும் முன். கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம். நாங்கள் அதற்குத் தெற்கே, மணமேல்குடியில், கதவுக்குப் பின்னால் உரலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். காலையில் தோப்புக்குப் போனால் உள்ளே நுழைய வழியில்லை. அப்பா வைத்த தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. கரண்ட் வர வெகு நாளாயிற்று.

படபடப்பு அப்போது வரவில்லை. எல்லாம் ஒழுங்கான பிறகு, ஒரு சாதாரண இரவில், காற்று கொஞ்சம் பலமாக வீசியபோது வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்தன, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. அல்பிராசோலம் எழுதிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் உடம்பு அடங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு அன்று தூங்கினேன். அந்த மாத்திரையை இன்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அது செய்த உதவி பெரியது.

சிக்கல் அதற்கப்புறம். இந்த வகை மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தொடராமல் இருப்பது நல்லது என்பதுதான் மருத்துவ உலகின் பொதுவான அறிவுரை. சீட்டு மட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நிறுத்தலாமா என்று கேட்கும் வேலை யாருடையது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

*

இந்தக் கடற்கரையில் அந்த மாத்திரைக்கு நரம்பு மாத்திரை என்று பெயர். டென்ஷன் மாத்திரை என்றும் சொல்வார்கள், தூக்க மாத்திரை என்றும் சொல்வார்கள். மருந்துக்கடையில் நின்றால் எத்தனை பேர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள் என்பது புரியும்.

அவர்களில் பாதிப்பேர் பெண்கள். கடலுக்குப் போனவர் திரும்பும்வரை விழித்திருக்க வேண்டிய வீடுகள் இவை. எல்லை தாண்டியதாகப் பிடித்துப் போகிறார்கள், படகும் போய்விடுகிறது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியது. அதில் இருந்த நால்வரும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். அதற்குப் பிறகு ராத்திரி செல்போன் அடித்தால் யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது? எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். "வீட்டுக்காரர் கரைக்கு வர்ற வரைக்கும் இதுதான் தம்பி துணை" என்பார்.

அவரிடம் போய் இதை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பயத்துக்குக் காரணம் கடலில் இருக்கும்போது மாத்திரையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

*

இந்தக் குடும்பத்து மாத்திரைகளின் பிறப்பு வேடிக்கையானது. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற யூத வேதியியலாளர், ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர். ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் அவர் செய்து பார்த்து ஓரமாக வைத்துவிட்ட ஒரு பொடி, 1957இல் ஆய்வுக்கூடத்தை ஒழுங்குபடுத்தும்போது மறுபடி கண்ணில் பட்டது. சோதித்தார்கள். 1960இல் அது லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963இல் வேலியம், அதாவது டயாசிபாம். 1978இல் மட்டும் அமெரிக்காவில் 200 கோடிக்கும் மேற்பட்ட வேலியம் மாத்திரைகள் விற்றன. நம் நாட்டில் ரான்பாக்ஸி அதே மருந்தைக் காம்போஸ் என்று விற்றது. ஒரு தலைமுறைக்கே தூக்க மாத்திரை என்றால் காம்போஸ்தான். பழைய தமிழ்ப் படங்களில் தற்கொலைக் காட்சியில் வரும் பாட்டிலில் என்ன இருந்ததோ, நான் காம்போஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெர்ன்பாக் மீது எனக்கு வருத்தமில்லை. அதற்கு முந்தைய பார்பிட்யூரேட் மாத்திரைகள் கொஞ்சம் அளவு மீறினாலே ஆளைக் கொன்றன. அவற்றோடு பார்த்தால் இது சாதுவான மருந்து. அந்தச் சாதுத்தனத்தை நம்பித்தான் உலகமே வருடக்கணக்கில் விழுங்கியது.

*

மூளையில் காபா என்று ஒரு பொருள் இருக்கிறது. அடங்கு, போதும் என்று நரம்புகளுக்குச் சொல்வது அதன் வேலை. இந்த மாத்திரை அந்தக் குரலை உரக்கக் கேட்க வைக்கிறது. மாதக்கணக்கில் உரக்கவே கேட்ட நரம்புகள், சாதாரணக் குரலுக்கு அடங்குவதை மறந்துவிடுகின்றன. படகில் எஞ்சின் வந்தபின் பாய் பிடிக்கும் கை மறந்துபோனதைப் போல. நடுக்கடலில் எஞ்சினைக் கழற்றி வீசிவிட்டுப் பாயைப் பிடி என்றால் என்ன ஆகும்? கை பழகுகிறவரை எஞ்சினும் ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாக.

ஹெதர் ஆஷ்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடத்தினார். 300 பேர் வரை அங்கே வந்து போனார்கள். நோயாளிகள் சொன்னதைக் கேட்டுக் கேட்டே தான் கற்றுக்கொண்டதாக அவர் எழுதியிருக்கிறார். அப்போது வேறு பலர், இது பழைய பதற்றம் திரும்பி வருவது, அவ்வளவுதான் என்று அந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் உடம்பை விட்டு இறங்கும் மாத்திரையை நிதானமாக இறங்கும் டயாசிபாமுக்கு மாற்றி, பிறகு சிறுகச் சிறுகக் குறைப்பது அவர் முறை. அல்பிராசோலம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம். டயாசிபாமும் அதிலிருந்து உடம்பு உண்டாக்கும் பொருளும் நாள்கணக்கில் தங்கும். ஏற்ற இறக்கம் குறைவு.

என்னையும் அப்படித்தான் மாற்றினார்கள். பிளேடுக்கும் தினசரிக்கும் வேலை போயிற்று. டயாசிபாம் 2 மில்லிகிராமிலேயே கிடைக்கிறது. எல்லாருக்கும் இந்த மாற்றம் பொருந்தாது என்றும் டாக்டர் சொன்னார். வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது உடம்பில் சேர்ந்துகொண்டே போய்த் தள்ளாட வைக்கும்.

*

என் மச்சான் ஒருவர் வேறு விதம். "ஆம்பளைக்கு ஒரு மாத்திரையா மாப்ள எசமான்?" என்று கேட்டுவிட்டு அட்டையோடு தூக்கி அடுப்பில் போட்டார். ஊரில் நாலு பேர் தட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அறந்தாங்கி போகும் பஸ்ஸில் வலிப்பு வந்தது. ஜன்னலோர சீட்டிலிருந்து சரிந்து, இரண்டு சீட்டுக்கு நடுவில் சிக்கிக்கொண்டார். யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தார்கள். இரும்பு எதையும் நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தது கண்டக்டர்தான். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகாமல் காப்பாற்றியது அந்த ஒரு காரியம்.

அதுவரை மச்சானுக்கு வலிப்பே வந்ததில்லை. நெடுநாள் எடுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் எச்சரிக்கைப் பெட்டியிலும் இதைச் சேர்க்கச் சொன்னது. நம் ஊர் அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கிறது, மருத்துவர் சொல்லாமல் எடுப்பது ஆபத்து என்று எழுதியிருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவதும் ஆபத்து என்று எழுதியிருந்தால் மச்சான் ஒருவேளை படித்திருப்பார்.

மச்சானிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. இந்த விஷயத்தில் அதற்கு வேலையில்லை, அவ்வளவுதான்.

*

குறைத்த வாரங்களின் குறிப்புகளில் சில:

உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது. பார்த்தால் எறும்பு இல்லை.

வாயில் இரும்பு ருசி. மீன் குழம்பு பிடிக்கவில்லை. எனக்கு!

கடைத்தெருவில் நிற்கிறேன். எதிரே பேசுகிறவர் முகம் தெரிகிறது, சொல் கேட்கிறது. நான் மட்டும் அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தேன்.

எவர்சில்வர் தட்டு கீழே விழுந்த சத்தம் பல்லில் இறங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐஸ் லாரி போனால் படுக்கை அதிர்கிறது. எனக்கு மட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கட்டிக் கிடக்கின்றன. ராத்திரியில் மீன் வண்டி குறைவு. மீனவர் வீடுகளில் அடகுக்கடைக்குப் போகிற மாதங்கள் இவை. என் காதுக்கு இதமாக இருக்கிறது என்று இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும்.

நல்ல நாள் ஒன்று. காரணமில்லாமல் வந்தது. அடுத்த நாள் காரணமில்லாமல் போயிற்று.

டாக்டரிடம் கேட்டேன்: இது பழைய நோய் திரும்பி வருவதா, மாத்திரை குறைவதாலா? "முன்னாடி உங்களுக்கு இல்லாத தொந்தரவு புதுசா வந்தா, பெரும்பாலும் மாத்திரை குறையுறதுதான். எறும்பு ஊர்றது, இரும்பு ருசி எல்லாம் கஜா கொண்டுவந்ததா என்ன?" என்றார். அந்த வாரம் குறைக்க வேண்டாம், இருக்கிற அளவிலேயே நில்லுங்கள் என்றார். ஏற வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நிற்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கத் தொடங்குங்கள், உடம்பு தாங்காவிட்டால் வேகத்தைத் தணியுங்கள். எப்படிப் போனாலும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

*

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெரிய புராணத்தில் இருக்கிறார். மணமேற்குடிக் குலச்சிறையார், பாண்டியன் நெடுமாறனின் மந்திரி, அறுபத்துமூவரில் ஒருவர். அரசன் வெப்பு நோயில் கிடந்த கதை எல்லாருக்கும் தெரியும். இடப்பக்கத்தைச் சமணர்களும் வலப்பக்கத்தைச் சம்பந்தரும் எடுத்துக்கொண்டார்கள். வலப்பக்கம் குளிர்ந்தது, இடப்பக்கம் மேலும் எரிந்தது. சின்ன வயதில் இதைக் கேட்டபோது போட்டிக் கதையாகத்தான் தெரிந்தது. சமயச் சண்டையின் கசப்பும் அதில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போது, ஒரே உடம்பில் பாதி குளிர்ந்து பாதி எரிந்தபடி படுத்திருந்தவன் மேல்தான் என் கண் போகிறது. அந்தப் படுக்கை எனக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமான இடம் கதையில் அதற்கு முன்பே வருகிறது. சம்பந்தர் தங்கிய மடத்துக்கு வைத்த தீயை அவர் பாண்டியனிடமே திருப்பி அனுப்புகிறார். அனுப்பும்போது மெதுவாகப் போகச் சொல்கிறார். ஏன் மெதுவாக? சேக்கிழார் நின்று காரணம் சொல்கிறார். அரசி மங்கையர்க்கரசியின் தாலி நிலைக்க வேண்டும், குலச்சிறையாரின் அன்புக்கு மதிப்பு வேண்டும், அரசன் திருந்தித் திரும்பி வர வேண்டும். அவன் குற்றத்துக்குத் தண்டனையும் உண்டு. ஆனால் வேகமாகப் போனால் ஆள் மிஞ்சமாட்டான். வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள், வாசலில் ஒருவர் காத்திருக்கிறார், அதனால் மெதுவாக.

சேக்கிழாருக்கு மாத்திரை தெரியாது. என் மனைவிக்குச் சேக்கிழார் தெரியாது. "அவசரம் ஒண்ணுமில்லைங்க, அடுத்த வருசம் முடிஞ்சா போதும்" என்று அவள் சொன்னதும் அதுதான்.

எங்கள் பெரியப்பா வேறு பக்கம் பிடித்துக்கொண்டார். "பாண்டியனுக்குத் திருநீறுதானேடா பூசுனாங்க? உனக்கெதுக்கு டாக்டரு?" திருநீறு பூசிக்கொண்டுதான் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். குலச்சிறையாரும் அரசியும் செய்ததைக் கவனித்தால், தங்களால் ஆகாது என்று தெரிந்ததும் சம்பந்தர் இருந்த திருமறைக்காட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். முடிந்த ஒருவரைக் கூப்பிட்டுவர ஆள் அனுப்புவது பக்திக்கு விரோதமில்லை.

*

தூக்கம் பற்றி. பகலில் படுக்காமல் இருந்தேன். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்தேன். சாயங்காலத்துக்கு மேல் டீ இல்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னார்கள். அது வேலை செய்தது, எப்போதுமல்ல. நள்ளிரவில் திண்ணையில் உட்கார்ந்து எதையும் சரிசெய்ய முயலாமல் இருப்பது மூச்சுப் பயிற்சியைவிட உதவியது. படபடப்பு வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். அது இறங்கும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும் என்று பரிவோடு சொன்னவர்கள் உண்டு. சாராயமும் இந்த மாத்திரையும் மூளையில் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். சேராவிட்டாலும், ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதைதான். டாஸ்மாக் வழிகாட்டிகளிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். சிலர் கேட்டார்கள்.

*

மருந்துக்கடைத் தம்பி கண்டிப்பானவன். "அண்ணே, பழைய சீட்டுக்குக் குடுக்க முடியாதுண்ணே, நோட்டுல எழுதணும்" என்பான். 2014 மார்ச் முதல் அல்பிராசோலமும் டயாசிபாமும் எச்1 பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் சீட்டு தீர்ந்து, டாக்டர் ஊரில் இல்லாமல், பஸ்ஸும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறைத்துக்கொண்டிருப்பவனுக்கு அதே சட்டம் திடீர் நிறுத்தமாகிவிடும். சீட்டு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே புதுச் சீட்டு வாங்கிவிடுவது என் வழக்கமானது.

எல்லாரும் முழுதாக விட்டுவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. சிலர் பாதி அளவில் நின்று நிம்மதியாக இருக்கிறார்கள். வலிப்பு நோய்க்காக எடுப்பவர்களின் கணக்கு வேறு. மச்சான் இப்போது டாக்டர் சொன்ன அளவில் எடுக்கிறார், குறைக்கிறார், யாரிடமும் சொல்வதில்லை.

நான் இன்னும் முடிக்கவில்லை. 2 மில்லிகிராமில் நிற்கிறேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டு அலமாரியிலும் இந்த அட்டை இருக்கலாம். இன்று ராத்திரியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும், அதற்கு அட்டவணை போட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், காசு வேண்டாம். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், மத்திய அரசு 2022இல் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வலிப்பு வந்தாலோ, குழப்பம் வந்து ஆள் தெரியாமல் போனாலோ 108. வீட்டில் ஒருவர் குறைத்துக்கொண்டிருந்தால், இன்னுமா விடவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.